மடைக்கு இரண்டு பூட்டு

“என்னையப் போய் சந்தேகப்படுதாங்கம்மா” என்றார் பூவனநாதன்.

“படட்டும்” என்றாள் அம்மை.

ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நம்பி வெயிலில் பஸ் மாறி வந்திருந்தார். சுருக்கென்றது.

“நான் தப்புப் பண்ணுற ஆளா? நீங்களே சொல்லுங்க.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“இத்தனை வருசமா உங்க முன்னால வந்து உக்காருதேன். தெரியாதா?”

“என் முன்னால உக்காந்திருக்கும்போது பண்ணல. அது வரைக்கும் தெரியும்.”

பூவனநாதன் அறுபதைத் தாண்டியவர். ஊர்க் குளத்துச் சங்கத்தின் தலைவர். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மைக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு. மலையடிவாரத்துச் சிறிய மடத்தில் அவள்தான் குரு. மனது சரியில்லாதபோது பௌர்ணமியன்று வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

இன்று தை அமாவாசை. பௌர்ணமி வரை பொறுக்க முடியாமல் வந்துவிட்டார்.

“ஆமா, நீங்க ஏன் வெளிய உக்காந்திருக்கீக?”

கேட்ட பிறகுதான் மற்றதையும் கவனித்தார். மடத்தின் பெரிய கதவு சாத்தியிருந்தது. அம்மை கதவுக்கு வெளியே, வாகை மரத்து வேரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை.

“உள்ள பேசிக்கிட்டிருக்காங்க.”

“யாரு?”

“மடத்துல இருக்கவங்க எல்லாரும்.”

“எதைப் பத்தி?”

“என்னைய வச்சுக்கிடணுமா, போகச் சொல்லணுமான்னு.”

பூவனநாதன் சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை. ஆரம்பித்த சிரிப்பைப் பாதியில் நிறுத்துவது சிரமமான காரியம். அவர் இருமினார்.

“வருசா வருசம் தை அமாவாசைக்கு இப்படித்தான்” என்றாள் அம்மை. “நான் மூட்டையக் கட்டிக்கிட்டு வெளிய வந்துரணும். அவுக பேசி முடிவு பண்ணிக் கதவத் தொறப்பாக. இரும்மான்னா இருப்பேன். போம்மான்னா இப்படியே போயிருவேன்.”

“உங்களையா? போகச் சொல்லுவாங்களா?”

“தெரியாது. அதான உக்காந்திருக்கேன்.”

பூவனநாதன் சாத்திய கதவைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். சங்கம், தேர்தல், கூட்டம், கைதூக்கல் எல்லாம் பார்த்துப் பழகியவர். அவர் மூக்கில் ஏதோ வாசனை அடித்தது.

“கோவிச்சுக்கிடாதீக. உள்ள இருக்கவங்க எல்லாம் உங்க காலத் தொட்டுக் கும்பிடுறவங்க. அவங்க உங்களை வேண்டாம்னு சொல்லப்போறதில்ல. இது உங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு இந்த வேசம்?”

அம்மை மூட்டையை அவிழ்த்தாள்.

இரண்டு சேலை. ஒரு டம்ளர். கண்ணாடிக் கூடு. இழுப்பு வந்தால் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து. செருப்பு ஒரு ஜோடி. இழுப்பு மருந்தில் இன்னொன்றுகூட இருந்தது. திரும்பி உள்ளே போவது நிச்சயம் என்று நினைக்கிற ஆள் அதையெல்லாம் எடுத்து வந்திருக்க மாட்டாள்.

“வேசமாப் போயிருமோன்னு எனக்கும் சந்தேகம் உண்டு” என்றாள். “அதுக்குத்தான் கதவுச் சாவியக் கொம்பையாகிட்ட குடுத்தேன்.”

“யாரு கொம்பையா?”

“மடத்துல சமைக்கிறவரு. என்னையக் கண்டாலே ஆகாது.”

“ஆகாதவன்கிட்டயா சாவியக் குடுப்பாங்க?”

“ஆனவர்கிட்ட குடுத்தா, உள்ள வேண்டாம்னு முடிவானாலும் எனக்குத் தொறந்து விட்டுருவாரு.”

இதைக் கேட்டுப் பூவனநாதனுக்குத் தலை சுற்றியது. தலைவராக இருக்கும் மனிதருக்கு இது கேட்கச் சகிக்கிற பேச்சு இல்லை. நமக்கு வேண்டியவர்களை நாலு இடத்தில் உட்கார வைத்தால்தான் நாற்காலி ஆடாமல் நிற்கும் என்று அவருக்கு முன்னால் தலைவராக இருந்தவர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“இதெல்லாம் யாரு ஏற்பாடு?”

“நான்தான்.”

“உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?”

“எனக்கு முந்தி இங்க இருந்த பெரியவரு ரொம்ப நல்ல மனுசன். நல்லவருங்கிறதால ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. கடைசிக் காலத்துல அவருக்குக் கண்ணும் தெரியல, காதும் கேக்கல. மடத்த நடத்துனது யாரு தெரியுமா? அவருக்குக் கால் அமுக்கி விட்டவன். சாமி சொல்லிட்டாருன்னு வெளிய வந்து சொல்லுவான். சாமி என்ன சொன்னாருன்னு யாருக்குத் தெரியும்?”

உள்ளே யாரோ குரல் உயர்த்திப் பேசுவது கேட்டது. அம்மை கழுத்தைத் திருப்பிக் காதைக் கொடுத்தாள். வார்த்தை பிடிபடவில்லை.

“யாரோ சத்தம் போடுதாங்க” என்றார் பூவனநாதன்.

“இந்தத் தடவை கொஞ்சம் சிக்கல்தான்.”

“ஏன்?”

அவள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

“மழைக்குக் கூடம் ஒழுகுது. கல் குவாரி வச்சிருக்கவரு ஒருத்தரு வந்து, மண்டபம் கட்டித் தாறேன்னாரு. நான் சரின்னுட்டேன்.”

“நல்ல காரியம்தான?”

“நல்ல காரியம்தான். யாரையும் கேக்கல.”

“கேட்டா என்ன சொல்லியிருப்பாங்க?”

“வேண்டாம்னு சொல்லியிருப்பாக. அந்தக் குவாரியில வெடிவச்சு வெடிவச்சு பக்கத்து ஊர்ச் சுவரெல்லாம் கீறிக் கெடக்கு. அது எனக்கும் தெரியும். அதனாலதான் கேக்கல.”

 பூவனநாதனின் கை அனிச்சையாக இடுப்புக்குப் போய் வேட்டி மடியைத் தொட்டுவிட்டு வந்தது.

அம்மை அதைப் பார்த்தாள்.

“சரி, உங்க விசயத்தைச் சொல்லுங்க. யாரு உங்களைச் சந்தேகப்படுதது?”

“மாடத்தி.”

“அது யாரு?”

அவர் சொன்னார்.

குளத்து மடையைத் திறக்கவும் சாத்தவும் ஓர் இரும்புச் சக்கரம் இருக்கிறது. அந்தச் சக்கரத்தை இரண்டு சங்கிலிகள் கட்டியிருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. ஒரு பூட்டின் சாவி தலைவரிடம் இருக்கும். மற்றதன் சாவி கடைமடைக்காரர்களிடம் இருக்கும். கடைமடை என்றால் வாய்க்காலின் கடைசி. தண்ணீர் எல்லோருக்கும் போக மிஞ்சித்தான் அங்கே போய்ச் சேரும். மிஞ்சாமலும் போகும். ஒரு காலத்தில் மடைச் சண்டையில் வெட்டுக்குத்து ஆனது. அதற்குப் பிறகு ஊர் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு இது. திறக்க வேண்டும் என்றாலும் சாத்த வேண்டும் என்றாலும் இரண்டு பேரும் வந்து நிற்க வேண்டும். கடைமடைக்காரர்கள் இந்த முறை தேர்ந்தெடுத்த ஆள் மாடத்தி.

“கடைமடைப் பயிர் பால் பிடிக்கிற சமயம்மா. தண்ணியில்லாமச் சுருளுது. கண்ணால பாத்தேன். வயிறு எரியுது. அவகிட்ட போயி, ‘சாவியக் கொண்டா, இன்னைக்கே ஒரு தண்ணி விட்டுருவோம்’னேன். அதுவும் யாருக்கு? அவங்க வயலுக்கு! என்ன சொன்னா தெரியுமா?”

“என்ன சொன்னா?”

“அடுத்த தண்ணி முறை எப்பன்னு வெள்ளிக்கிழமை கூட்டத்துலதான் முடிவாகணுமாம். கூட்டம் சொல்லாமத் தொறக்க முடியாதாம். ‘வெள்ளிக்கிழமைக்குள்ள பயிர் போயிருமே’ன்னேன். ‘போனாப் போகட்டும், தலைவரே. கூட்டம் சொல்லி வந்தா அது எங்க தண்ணி. நீங்களாத் தொறந்து விட்டா அது நீங்க போட்ட பிச்சை. இன்னைக்கு இரக்கப்பட்டுத் தொறப்பீக, நாளைக்கு உங்க மச்சினன் மேலயும் இரக்கம் வரும்’கிறா.”

“உங்க மச்சினனுக்கு வயல் இருக்கா?”

“மடைக்குப் பக்கத்துல, மேல்வயல்ல இருக்கு. அதுக்கென்ன?”

“சும்மா கேட்டேன்.”

“நான் அப்படிச் செய்வேனா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

பூவனநாதனுக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபப்படக் கூடாது என்பதால் மரத்து வேரைப் பார்த்துக் கோபப்பட்டார்.

“கூட்டத்த முன்னாலயே போடலாமே” என்றாள் அம்மை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? தலைவர் நீங்கதான?”

அவர் காலடியில் கிடந்த வாகைக் காயை எடுத்து உரித்தார்.

“மாடத்தி அதைக் கேக்கலையா?”

“கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீக?”

“சங்கத்துக்குன்னு ஒரு முறை இருக்கு, நெனச்ச நேரத்துல கூட்ட முடியாதுன்னேன்.”

“நெனச்ச நேரத்துல மடையத் தொறக்கலாம். நெனச்ச நேரத்துல கூட்டம் போட முடியாது.”

“அப்படியில்ல...”

“கூட்டத்துல என்ன கேப்பாங்க?”

வாகைக் காய்கள் காற்றில் சலசலத்தன. அம்மை அவசரப்படவில்லை. மூட்டையை மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

“மேல்வயல் முறை முடிஞ்ச அன்னைக்கு மடையச் சாத்தியிருக்கணும்” என்றார் கடைசியில். “நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். சொந்தக்காரன் வீடு. சாப்பிட்டு, பேசி, அங்கேயே தங்கிட்டேன். மறுநாள் வந்துதான் சாத்துனோம். ஒரு நாள் தண்ணி கூடுதலா மேல போயிட்டு.”

“கடைமடைத் தண்ணி.”

“ஆமா.”

“கூட்டத்துல அதைக் கேப்பாங்க.”

“மாடத்தி கேப்பா. கேக்காம விட மாட்டா. எல்லாரு முன்னாலயும் நான் நின்னு பதில் சொல்லணும். வேணும்னு செஞ்சேனா அம்மா? மறதியாப் போச்சு. அதுக்கு ஈடா ஒரு தண்ணி நான் பாத்து விட்டுட்டா அவங்க பயிரும் பொழைச்சிரும், என் மரியாதையும் பொழைச்சிரும். ஒருத்தருக்கும் நட்டமில்ல.”

“ஆனா சாவி மாடத்திகிட்ட இருக்கு.”

“ஆமா.”

“அப்ப முடியாது.”

“முடியாது” என்றார் பூவனநாதன்.

சொன்ன விதம் அம்மைக்குப் பிடிக்கவில்லை. முடியாத ஒன்றை முடியாது என்று சொல்கிற குரல் அது இல்லை.

“எப்பவும் பௌர்ணமிக்கு வருவீக. இன்னைக்கு ஏன் வந்தீக?”

“மனசு கேக்கல.”

“இன்னைக்கு ராத்திரி நல்ல இருட்டா இருக்கும்.”

அவர் கை மறுபடி மடிக்குப் போனது.

“வந்ததுலருந்து நாலஞ்சு தடவை மடியத் தொட்டுப் பாத்துட்டீக. என்ன இருக்கு அதுல?”

பூவனநாதன் வேட்டி மடியை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினார். புதிதாக அறுத்த சாவி ஒன்று பளபளவென்று இருந்தது.

“அவ பூட்டுத் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. எண்ணெய் போட்டுத் தாறேன்னு சாவிய வாங்கிட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன் இருக்கான். சோப்புக் கட்டியில அமுக்கிக் குடுத்தாப் போதும், அப்படியே அறுத்துத் தந்துருவான்.” அவர் குரல் இறங்கியது. “நல்லதுக்குத்தான் அம்மா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வோம்னு வந்தேன். நீங்க சரின்னு சொல்லிட்டா...”

“நான் சொல்லிட்டா?”

“எனக்கு நிம்மதியா இருக்கும்.”

“சாமி சொல்லிட்டாருன்னு” என்றாள் அம்மை.

அப்போது கதவுக்குள்ளே பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

அம்மை எழுந்து நின்றாள். மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் மூட்டையின் முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பூவனநாதன் பார்த்தார். இது வேஷமோ என்று மிச்சம் இருந்த சந்தேகமும் அவருக்கு அப்போது போய்விட்டது. அவள் பயந்திருந்தாள்.

கதவைத் திறந்தவர் கட்டைகுட்டையான மனிதர். சமையல் புகை ஏறிய பனியன். கையில் சாவி. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

“சொல்லுங்க கொம்பையா” என்றாள் அம்மை.

“உங்களைப் போகச் சொல்லணும்னுதான் நான் சொன்னேன். கேக்காமக் கொள்ளாம அந்த ஆளுக்கு வாக்குக் குடுத்தது தப்பு. ஒரு தடவை செஞ்சவங்க இன்னொரு தடவையும் செய்வாங்கன்னேன். எடுபடல. இருக்கட்டும்னு சொன்னவங்கதான் கூடுதல்.”

“சரி.”

“ஆனா மண்டபம் வேண்டாம். அதுல எல்லாரும் ஒரே பேச்சு. நீங்களே அந்த ஆள்கிட்ட போயி, வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிட்டு வரணும்.”

அம்மையின் முகம் தொங்கிப்போனது. குருமார்களின் முகம் தொங்காது என்று கதை சொல்பவர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

“கூடம் ஒழுகுமே” என்றாள்.

“ஒழுகட்டும். கீத்து மாத்திக்கிடலாம்.”

“நான் நேர்ல வேற போகணுமா? ஒரு போனு போட்டு...”

“நேர்ல போயித்தான சரின்னீங்க?”

 அம்மை மறுத்து இன்னொரு வார்த்தை சொல்வாள் என்று பூவனநாதன் எதிர்பார்த்தார். அவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். சொல்லிப் பார்த்து, நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, சாயங்காலத்துக்குள் முடிவை மாற்றியிருப்பார்.

“நாளைக்குப் போறேன்” என்றாள் அம்மை.

கொம்பையா கதவை முழுதாகத் திறந்து ஒதுங்கி நின்றார். வழிவிட்டாரே தவிர, மூட்டையைக் கை நீட்டி வாங்கவில்லை.

பூவனநாதனுக்குத் தாங்கவில்லை.

“ஏங்க, உங்களுக்கு இவுக இருக்கறது பிடிக்கல. சாவி உங்க கையில இருக்கு. தொறக்காம இருந்திருக்கலாம்ல?”

கொம்பையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். யார் இந்த ஆள், எதற்கு இதைக் கேட்கிறான் என்ற பார்வை.

“இருங்கன்னு முடிவாயிட்டு. தொறக்கணும். எனக்குப் பிடிக்குதா பிடிக்கலையாங்கிறதையா கேட்டாங்க?”

சொல்லிவிட்டு, உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

“கோவமா இருக்கா அம்மா?” என்று மெதுவாகக் கேட்டார் பூவனநாதன்.

“கோவமாத்தான் இருக்கு. நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சேன்.”

“நானும் அப்படித்தான...”

அவள் அவருடைய உள்ளங்கையைப் பார்த்தாள். சாவி இன்னும் அங்கேயே இருந்தது. வேர்வையில் நனைந்திருந்தது.

“வந்தவங்களைச் சாப்பிடாம அனுப்புறது இங்க வழக்கமில்ல” என்றாள். “ஆனா அதை வச்சுக்கிட்டு உள்ள வராதீக.”

“இங்கயே தூக்கிப் போட்டுருதேன்.”

“இங்க எதுக்குப் போடுதீக? இங்க உள்ள பூட்டுச் சாவியா அது?”

அவள் மூட்டையோடு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. பூட்டுகிற சத்தம் கேட்டது.

பூவனநாதன் வெளியே நின்றார். பசித்தது.

ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் இன்னும் சாயவில்லை. இடது பக்கம் போனால் குளத்துக் கரை. மடையில் இந்த நேரத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவருடைய சாவி சட்டைப் பையில் இருந்தது. மற்றது மடியில் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்த முக்கில் நின்றார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். திருந்திய மனிதர்கள் தயங்காமல் நடப்பார்கள் என்று சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

பிறகு வலது பக்கம் திரும்பி, கடைமடைத் தெருவுக்குப் போனார்.

மாடத்தியின் வீட்டு வாசலில் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“மாடத்தி இருக்காளா?”

“அத்தை மடையிலல்லா இருக்காவ.”

“மடையிலயா? அங்க என்ன வேலை?”

“நீங்க சாவிக்கு எண்ணெய் போட்டுக் குடுத்த நாள்லருந்து பகல் பூரா அங்கதான் இருக்காவ. பொழுதடைஞ்சா எங்க வீட்டுக்காரரு போயிப் படுத்துக்கிடுவாரு.”

 வலது பக்கம் திரும்பியதற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டு வந்தவருக்கு அந்தப் பெருமை வாசலிலேயே வடிந்துவிட்டது.

வரப்பு வழியாக நடந்தார். இருபக்கமும் பயிர் சுருண்டிருந்தது. கதிரைப் பிடித்து நசுக்கிப் பார்த்தார். பால் கொஞ்சமாக வந்தது. இன்னும் கெட்டுப்போகவில்லை.

மடைக் கல்லில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூக்குச் சட்டி. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“வாங்க தலைவரே. இருட்டுன பெறகு வருவீகன்னு நெனச்சேன்.”

அவர் மடியிலிருந்த சாவியை எடுத்து அவள் முன்னால் கல்லில் வைத்தார். அவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தன் கழுத்துக் கயிற்றில் தொங்கிய பழைய சாவியோடு பல்லுக்குப் பல் ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் அறுத்திருக்கான்.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எண்ணெய் போட்டேன்னு குடுத்தீக. சாவியில சோப்பு வாசம் அடிச்சுது.”

“அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பீக?”

அவர் யோசித்துப் பார்த்தார்.

“என்னையப் போய் சந்தேகப்படுதியான்னு சத்தம் போட்டிருப்பேன்.”

“அதான் கேக்கல.”

“என்னைய மோசக்காரன்னு நெனச்சுட்ட.”

“நெனச்சிருந்தா போலீஸ்ல போயிச் சொல்லியிருப்பேன். நல்லவருன்னு நெனச்சதாலதான் இங்க வந்து உக்காந்தேன். உங்களுக்கு மனசு இளகுனா எந்நேரமும் கெளம்பி வந்துருவீக.”

பூவனநாதன் அவளுக்கு எதிரே மடைச் சுவரில் உட்கார்ந்தார். குளத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கொக்கு ஒன்று கரையோரம் நின்றுகொண்டிருந்தது. அவமானமாகத்தான் இருந்தது. அதோடு, ஏனோ தெரியவில்லை, உடம்பு லேசாகவும் இருந்தது.

“நாளைக்குக் காலையில கூட்டம் போட்டுருவோம்” என்றார்.

“நான் அன்னைக்கே கேட்டேன்.”

“கேட்ட. நான்தான் மாட்டேன்னேன். கல்யாணத்துக்குப் போயி மடையச் சாத்தாம விட்டத நானே முதல்ல எந்திரிச்சுச் சொல்லிருதேன்.”

“சொல்லுங்க. நீங்க சொன்ன பெறகு நானும் எந்திரிச்சுக் கேப்பேன்.”

“அதான் நானே சொல்லிருதேங்கிறேனே.”

“நீங்க கல்யாணத்துக்குப் போன அன்னைக்குச் சாவிய வச்சுக்கிட்டு இந்தக் கல்லுலதான் காத்துக்கெடந்தேன், இருட்டுற வரைக்கும். தண்ணி போறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொல்லுறது வேற, நான் கேக்குறது வேற.”

அவர் தலையாட்டினார். 

“மேல்வயல்காரங்க ஒத்துக்கிட மாட்டாங்க” என்றார். “எங்களுக்கும் தண்ணி வேணும்னு நிப்பாங்க. எனக்கு ஓட்டுப் போட்டதே அவங்கதான்.”

“நிக்கட்டும். பேசுவோம். கூட்டம் என்ன சொல்லுதோ அது.”

“உங்களுக்கு எதிரா முடிவானா?”

“அப்படி ஆனா, சாவிய எடுத்துட்டு வந்து மேல்வயலுக்குத் தொறந்து விடுவேன். வயிறு எரிஞ்சுக்கிட்டே தொறப்பேன்.”

பூவனநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பனியனும் சாவியுமாகக் கதவில் நின்ற சமையல்காரர் அவருக்கு நினைவு வந்தார்.

மாடத்தி எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். புதுச் சாவியைத் தூக்குச் சட்டிக்குள் போட்டாள்.

“என் பூட்ட மாத்தணும்” என்றாள்.

“அதான் சாவியக் கொண்டாந்து குடுத்துட்டேனே.”

“குடுத்தீக. இது ஒண்ணுதான் அறுத்தீகன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அந்த வார்த்தை காலையில் அம்மை கேட்டதுபோலவே இருந்தது. ஆனால் இந்தத் தடவை அவருக்குச் சுருக்கென்று தைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன்னுடைய சாவியை எடுத்தார். சக்கரத்தில் தொங்கிய தன் பூட்டைத் திறந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இதையும் சேத்து மாத்திருவோம்.”

“உங்க பூட்ட எதுக்கு? அது நல்லாத்தான இருக்கு?”

“போன மாசம் சாவிய மறந்துபோயி இந்தக் கல்லுல வச்சுட்டுப் போயிட்டேன். நீதான் வீட்டுல கொண்டாந்து குடுத்த. உன்கிட்டயும் ஒரு நகல் இருக்கலாம்ல?”

மாடத்தி திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். அவர் கேலி செய்யவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தலைவர்கள் அவளிடம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள், சத்தம் போட்டிருக்கிறார்கள், கண்டுகொள்ளாமல் போயிருக்கிறார்கள். இதுவரை யாரும் அவளைப் பார்த்துப் பயந்ததில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

“இருக்கலாம்” என்றாள்.